காக்கைக் கூட்டில் குயில்: என் கணக்கு ஏன் இரண்டையும் அழித்துவிடுகிறது?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். தொழில் மென்பொருள், பறவை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. எங்கள் குடியிருப்பையும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களையும் சேர்த்தால் வயதான தூங்குமூஞ்சி மரங்கள் பதினொன்று நிற்கின்றன. அவற்றில் காக்கைகள் கட்டும் கூடுகளைக் கடந்த மூன்று கோடைகளாக மொட்டைமாடியிலிருந்து இருநோக்கி கொண்டு பார்த்துக் குறித்துவருகிறேன். முதலாண்டு 14 கூடுகள், அடுத்த ஆண்டு 15, இந்த ஆண்டு 14. அவற்றுள் குயில் குஞ்சுக்குக் காக்கை இரையூட்டியதை நானே கண்ணால் கண்டவை முறையே 3, 5, 4. இந்த ஆண்டு மழைக்கு முன்னர்க் கிளை வெட்டுவதற்கு வந்தவர்கள் இரண்டு கூடுகளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். பத்து நாட்களுக்குள் அந்தக் காக்கைகள் அடுத்த மரத்தில் கம்பியும் சுள்ளியுமாக மறுபடி கட்டத் தொடங்கின. அவற்றைத் தனிக் கூடுகளாக நான் எண்ணவில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு காக்கை, குயில் இரண்டின் இனத்தொகையும் ஆண்டுதோறும் எப்படி மாறும் என்று பைத்தான் நிரல்மொழியில் ஒரு சிறிய கணித மாதிரி எழுதினேன். ஒட்டுண்ணிக் குளவிக்கும் அது முட்டையிடும் புழுவுக்கும் நிக்கல்சன், பெய்லி இருவரும் 1935-இல் கொடுத்த சமன்பாட்டையே எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டின் காக்கைகள் என்பது இந்த ஆண்டின் காக்கைகளைப் பெருக்கத்தாலும், குயிலிடமிருந்து தப்பிய கூடுகளின் பங்காலும் பெருக்கினால் கிடைப்பது. அடுத்த ஆண்டின் குயில்கள் என்பது குயில் முட்டையிட்ட கூடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. குயில்கள் எந்தக் கூட்டையும் பாராமல் தற்போக்கில் முட்டையிடுவதாகக் கொண்டு, தப்பிய பங்குக்குப் பாய்சான் பரவலைப் பயன்படுத்தினேன். காக்கையின் பெருக்கத்தை 2 என்று வைத்தேன், அதாவது குயிலே இல்லாவிட்டால் காக்கைகள் ஆண்டுக்கு இரு மடங்காகும்.

விளைவு விபரீதமாக இருக்கிறது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காக்கைகள் பெருகுகின்றன, பின்னாலேயே குயில்கள் பெருகுகின்றன, காக்கைகள் சரிகின்றன, குயில்களும் சரிகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றமும் இறக்கமும் முன்னதைப் போல நான்கு மடங்காகின்றன. முப்பது ஆண்டுகள் ஆவதற்குள் இரண்டும் பூச்சியம். தொடக்க எண்களை மாற்றிப் பார்த்தேன், குயிலின் தேடும் திறனை மாற்றிப் பார்த்தேன். அழியும் ஆண்டு மாறுகிறதே தவிர அழிவு மாறவில்லை. சன்னலுக்கு வெளியிலோ விடியற்காலை நான்கரை மணிக்கே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. நிரலில் பிழையா, சமன்பாட்டில் பிழையா, அல்லது காக்கையைப் பற்றிய என் எண்ணத்தில் பிழையா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


மல்லேஸ்வரம் மடக்கை எழுதியது:

தம்பி, நிரலில் பிழை இல்லை. அந்தச் சமன்பாட்டின் இயல்பே அதுதான். பெருக்கம் ஒன்றுக்கு மேல் எவ்வளவாக இருந்தாலும் அதன் சமநிலைப் புள்ளி நிலையற்றது. பெருக்கம் 2 என்றால் சமநிலையிலிருந்து விலகும் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு வளரும் என்று தாளிலேயே காட்டிவிடலாம். எட்டு ஆண்டுகளில் அது நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஆவது நீங்கள் கண்டதோடு ஒத்துப்போகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் நடத்தியவள் என்ற முறையில், ஒரு மாதிரி தன் பிழையை இவ்வளவு உரக்கச் சொல்வது நல்லதே என்பேன். பாதி சரியாக வரும் மாதிரிதான் நம்மை ஏமாற்றும்.

பிழை எங்கே என்றால், புழுவைக் காக்கையாக்கியதில் இருக்கிறது. ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்ட புழு செத்துப்போகிறது. அதோடு அதன் கதை முடிந்தது. குயில் முட்டையிட்ட கூட்டின் தாய்க்காக்கை சாவதில்லை. அது இழப்பது அந்த ஓர் ஆண்டின் விளைச்சலை மட்டுமே. அடுத்த கோடையில் அதே காக்கை மீண்டும் கூடு கட்டும். உங்கள் சமன்பாட்டில் முதிர்ந்த காக்கை ஒவ்வோர் ஆண்டும் இறந்து, அதன் குஞ்சுகள் மட்டுமே அடுத்த ஆண்டுக்கு வருகின்றன. அதாவது, அறியாமலேயே காக்கையின் ஆண்டு உயிர்பிழைப்பைச் சுழியாக வைத்துவிட்டீர்கள்.

அதைச் சேர்த்துப் பாருங்கள். அடுத்த ஆண்டின் காக்கைகள் என்பது உயிர்பிழைத்த முதிர்ந்தவற்றோடு, தப்பிய கூடுகளிலிருந்து வந்து ஓராண்டைத் தாண்டிய இளையவற்றைக் கூட்டியது. குயிலுக்கும் அவ்வாறே. சமநிலையில் தப்பும் கூடுகளின் பங்கைத் ‘த’ என்றும், முதிர்ந்த காக்கையின் ஆண்டு உயிர்பிழைப்பை ‘உ’ என்றும் கொண்டால், நிலைப்புத்தன்மைக்கான நிபந்தனை இவ்வளவுதான்:

(1/த) என்பதன் இயல் மடக்கை × [ த/(1−த) + 1 − உ ] < 1

உ சுழியானால் இடப்பக்கம் எப்போதும் ஒன்றைவிடப் பெரியது. அதுதான் உங்களுக்கு நேர்ந்தது. பாதிக் கூடுகள் தப்புகின்றன என்றால், அதாவது த = 0.5 என்றால், நிபந்தனை 0.693 × (2 − உ) < 1 என்று சுருங்கி, உ ஏறத்தாழ 0.56-க்கு மேல் இருந்தால் போதும் என்றாகிறது. காக்கை நெடுநாள் வாழும் பறவை. அந்த வரம்பைத் தாண்டுவது அதற்குக் கடினமன்று. குயிலின் உயிர்பிழைப்பு இந்த நிபந்தனையில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது சமநிலைக்குத் திரும்பும் வேகத்தை மாற்றுமே தவிர, திரும்புமா திரும்பாதா என்பதைத் தீர்மானிக்காது. முதன்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

அடைகாப்பு ஒட்டுண்ணிப் பறவைகளுக்கு, அதாவது குயிலைப் போலப் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவற்றுக்கு, குளவிச் சமன்பாட்டை அப்படியே போடக் கூடாது என்பது புதிதன்று. ராபர்ட் மே, ஸ்காட் ராபின்சன் இருவரும் 1985-இல் இந்தப் பறவைகளுக்கென்றே மாதிரி எழுதினார்கள். பின்னர் 1993-இல் ஃபூகோ தகாசுவும் உடன் உழைத்தவர்களும், குயில் முட்டையை இனங்கண்டு தள்ளும் பண்பு ஓம்புயிரியிடம் (ஒட்டுண்ணியின் குஞ்சை வளர்க்கும் பறவையிடம்) பரவுவதையும் இனத்தொகைக் கணக்கோடு சேர்த்தே எழுதினார்கள். நம் காக்கை அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை என்பதால் இரண்டாவதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.


கூடுநோக்கி எழுதியது:

கணக்கு எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆயினும் ஹெப்பால் பக்கத்து வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் பல ஆண்டுகள் காக்கைக் கூடுகளின் கீழ் நின்று கழுத்து வலித்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, குயில் ஏறிய கூடென்றால், அதாவது குயில் முட்டையிட்ட கூடென்றால், காக்கைக்கு ஒன்றும் கிடைக்காது என்று இருவரும் வைத்துக்கொண்டுவிட்டீர்கள். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு கண் திறப்பதற்கு முன்னரே மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளுவதை 1788-இல் எட்வர்ட் ஜென்னர் விரிவாக எழுதினார். பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் பெயர் பெற்ற அதே ஜென்னர்தான். அந்தப் படமே எல்லாருடைய மனத்திலும் பதிந்திருக்கிறது. நம் ஊர்க் குயிலின் குஞ்சு எப்போதும் அப்படிச் செய்வதில்லை. காக்கையின் கூடு ஆழமானது. அதன் முட்டையும் குஞ்சும் பெரியவை. அவற்றைத் தூக்கி எறிவது குயில் குஞ்சுக்கு எளிய வேலையன்று. அதற்கு மாறாக அது காக்கைக் குஞ்சைவிட ஏறத்தாழ மூன்று நாட்கள் முன்னதாகப் பொரித்து, முந்தி வளர்ந்து, இரையில் பெரும்பங்கைப் பெற்றுக்கொள்கிறது. அதனால் சில கூடுகளில் காக்கைக் குஞ்சுகள் மெலிந்து சாகின்றன. சிலவற்றில் குயில் குஞ்சும் காக்கைக் குஞ்சும் சேர்ந்தே கூட்டைவிட்டு வெளிவருகின்றன. இரண்டாவது வகையை நானே பலமுறை கண்டிருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எது தன் குஞ்சு என்பதில்தான் அதற்குக் குழப்பம்.

ஆகவே குயில் ஏறிய கூட்டின் காக்கை விளைச்சலைச் சுழியாக்காமல், தப்பிய கூட்டின் விளைச்சலில் ஒரு பங்காக வையுங்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பது குயில் எந்த நாளில் முட்டையிட்டது என்பதைப் பொறுத்தது. காக்கை முட்டையிட்டு முடித்த பின்னர் வந்து சேர்ந்த குயில் முட்டைக்கு அந்த மூன்று நாள் முன்தொடக்கம் கிடைக்காது.

இரண்டாவது, வெட்டப்பட்ட கூடுகள். கிளை வெட்டினாலோ, மே மாதத்து ஆலங்கட்டி மழையில் கூடு விழுந்தாலோ காக்கை மறுபடி கட்டுகிறது. குயில் ஏறிய கூட்டில் அப்படி இல்லை. காக்கை அந்தக் குஞ்சை வளர்ப்பதிலேயே பருவம் முழுவதையும் கழித்துவிடுகிறது. ஆகவே கூட்டின் அளவில் பார்த்தால் இரண்டும் ஒரே தோல்வி, பருவத்தின் அளவில் பார்த்தால் வேறு வேறு. அமெரிக்காவில் மாட்டுப்பறவை என்ற ஒட்டுண்ணிப் பறவை யாருடைய கூடுகளில் முட்டையிடுகிறதோ அந்தச் சிறு பாடும் பறவைகளுக்கு இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவரும் முறையை 1995-இல் பீஸ், க்ரிசிபோவ்ஸ்கி இருவரும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் குறிப்பேட்டில் கூட்டை எண்ணாமல் இணையை எண்ணியது சரியான பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது ஒரு குறை. காக்கை குயிலுக்கு ஊட்டியதைக் கண்ட கூடுகளை மட்டுமே குயில் ஏறியவை என்று எண்ணியிருக்கிறீர்கள். குயில் முட்டையிட்டு, குஞ்சு வளர்வதற்கு முன்னரே அழிந்த கூடுகள் உங்கள் கணக்கில் தப்பியவையாக நிற்கின்றன. ஆகவே 43-இல் 12, அதாவது 28 விழுக்காடு என்பது கீழ்வரம்பு மட்டுமே. இதற்காக ஏணி வைத்து ஏறிவிட வேண்டாம். மண்டையில் கொத்து வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.


அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. நேற்றிரவு திருத்தி ஓட்டிப் பார்த்தேன். அளந்த எண்கள் கையில் இல்லாததால், முதிர்ந்த காக்கையின் உயிர்பிழைப்பு 0.8, தப்பிய கூடு ஒன்றிலிருந்து ஓராண்டைத் தாண்டும் பெண் காக்கை 0.4, முதிர்ந்த குயிலின் உயிர்பிழைப்பு 0.6 என்று எடுத்துக்காட்டுக்காக வைத்தேன். காக்கை நிலையாக நிற்பதற்குப் பாதிக் கூடுகள் தப்பினால் போதும் என்று வருகிறது. அழிவு நின்றுவிட்டது. ஆனால் அலை நிற்கவில்லை: ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஆகின்றன, அலையின் உயரம் பாதியாகக் குறைவதற்கு 20 ஆண்டுகள் ஆகின்றன.

கூடுநோக்கி ஐயா சொன்ன பங்கையும் சேர்த்தேன். அதில் ஒன்றைக் கண்டேன். சரியா என்று சொல்லுங்கள். குயில் ஏறிய கூட்டிலும் காக்கைக்குப் பாதிக்கு மேல் விளைச்சல் கிடைக்கிறது என்று வைத்தால், இந்த எண்களில் குயில்கள் எத்தனை இருந்தாலும் காக்கைகள் வரம்பின்றிப் பெருகிக்கொண்டே போகின்றன. குயிலால் அவற்றைத் தடுக்கவே முடியவில்லை.

இப்போது என் ஐயம் வேறாகிவிட்டது. என் மரங்களில் 14, 15, 14 என்று கூடுகள் அசையாமல் நிற்கின்றன. பெருகவும் இல்லை, 26 ஆண்டு அலை ஒன்றின் சரிவில் இருப்பதாகவும் தோன்றவில்லை. மூன்று ஆண்டுகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் குயில்தான் காக்கையின் எண்ணிக்கையைப் பிடித்து நிறுத்துகிறது என்ற என் அடிப்படை எண்ணமே தவறோ?


ஹெசரகட்டா எழுதியது:

தவறு என்றே நினைக்கிறேன். இதுவரை பேசிய மாதிரிகள் எல்லாவற்றிலும் காக்கையைத் தடுப்பதற்குக் குயிலைத் தவிர வேறு யாருமே இல்லை. அப்படிப்பட்ட உலகில் ஒன்று குயில் காக்கையை ஆளும், அல்லது காக்கை வானம் வரை பெருகும். மூன்றாவது வழி கிடையாது. பெங்களூரில் காக்கைக்கு உணவு குப்பைத்தொட்டியிலும் இறைச்சிக்கடை வாசலிலும் கிடைக்கிறது. கூட்டுக்கு வாகான கவட்டைகள் உள்ள முதிர்ந்த மரங்களோ எண்ணி வைத்த அளவில்தான் இருக்கின்றன, ஆண்டுக்கு ஆண்டு குறையவும் செய்கின்றன. இணைகள் ஒன்றையொன்று அண்டவிடாமல் துரத்துவதால் ஒரு மரத்துக்கு இத்தனை கூடுதான் என்று ஒரு வரம்பு இருக்கிறது என்று கொள்ளுங்கள். உங்கள் பதினொரு மரங்களுக்கு அந்த வரம்பு 14 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். குயிலே இல்லாவிட்டால் ஆண்டுக்கு 14 × 0.4 இளம் பெண் காக்கைகள் வருகின்றன. ஐந்தில் ஒரு பங்கு சாகின்றன. ஆகவே 28 பெண் காக்கைகளில் கணக்கு நிற்கும். அவற்றுள் கூடு கட்ட இடம் கிடைத்தவை 14, கூடில்லாமல் இடம் காலியாகக் காத்திருப்பவை 14. குயில் 28 விழுக்காடு கூடுகளில் ஏறி, அவற்றின் விளைச்சலை முழுவதுமாக எடுத்துக்கொண்டால், மொத்தம் 20-ஆகக் குறைகிறது. கூடுள்ளவை அப்போதும் 14-தான். காத்திருப்பவை மட்டும் 14-லிருந்து 6-ஆகிவிட்டன. அதாவது குயிலின் விளைவு முழுவதும் கூடில்லாக் காக்கைகளின் மேல் விழுகிறது. கூடுகளை எண்ணுபவர் கண்ணில் எதுவும் படாது. குயில் ஏறும் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டிய பின்னர்தான் முதல் கூடு குறையத் தொடங்கும்.

அந்த 50 விழுக்காட்டு எல்லைக்கு உள்ளே இருக்கும்வரை குயிலின் சமன்பாடு தனியாகப் பிரிந்துவிடுகிறது என்பதையும் பாருங்கள். குயிலுக்குக் கிடைக்கும் கூடுகளின் எண்ணிக்கை மாறாத ஒன்று. ஆகவே குயில் ஓர் அளவுக்கு ஏறி அங்கேயே அமைந்துவிடும், அலையே எழாது. காக்கையின் கூடுகள் குயிலின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன; குயில் காக்கையின் கூடுகளைத் தீர்மானிப்பதில்லை. இந்த ஒருவழிப் பாதையைத்தான் நாம் இருவழிப் பாதை என்று நினைத்துச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தோம்.

இது வெறும் தாள் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கர்ட்லாண்டு கதிர்க்குருவி என்றொரு சிறிய பறவை இருக்கிறது. பெரும்பாலும் இளம் ஜாக் பைன் காடுகளில்தான் அது கூடு கட்டும். 1960-களின் இறுதியில் அதன் கூடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மாட்டுப்பறவை முட்டையிட்டுக்கொண்டிருந்தது. 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாடும் ஆண் பறவைகள் 201 மட்டுமே இருந்தன. பத்தாண்டுகளுக்கு முன்னர் இருந்ததில் பாதிக்கும் குறைவு. 1972 முதல் மாட்டுப்பறவைகளைப் பொறி வைத்துப் பிடித்து அகற்றத் தொடங்கினார்கள். ஒட்டுண்ணி ஏறிய கூடுகள் சில விழுக்காடாகக் குறைந்தன; கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் பெருகின. எண்ணிக்கை ஏறும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1987-இல் எண்ணியபோது 167 ஆண் பறவைகள்தான் இருந்தன. சரிவு நின்றது, ஏற்றம் வரவில்லை. 1980-இல் மேக் ஏரிப் பக்கம் பெரும் தீப்பிடித்துக் காடு எரிந்தது. அங்கே முளைத்த இளம் பைன் மரங்கள் கூடு கட்டுவதற்கேற்ற உயரத்துக்கு வளர்ந்த பின்னர், ஏறத்தாழ 1990 முதல்தான் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. 2019-இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்தே அதை நீக்கினார்கள்.

ஒட்டுண்ணியை அகற்றியது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 70 விழுக்காடு என்பது அந்தப் பறவையின் தாங்கும் எல்லைக்கு அப்பால் இருந்திருக்க வேண்டும். ஆகவேதான் அது சரிந்துகொண்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த பின்னர் கட்டுப்படுத்தியது காடு. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அறியாமல் ஒட்டுண்ணியின் விளைவைப் பற்றிப் பேச முடியாது.


மல்லேஸ்வரம் மடக்கை எழுதியது:

ஹெசரகட்டா நண்பர் சொன்னதை ஏற்கிறேன். என் முதல் பதிலில் இடவரம்பைச் சேர்க்காமல் விட்டது என் பிழை. கணக்கு அழகாக வந்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்காத பழைய வழக்கம். தம்பி கேட்ட பாதி விளைச்சல் ஐயத்துக்கும் விடை சொல்லிவிடுகிறேன். காக்கை நிலையாக நிற்கத் தேவையான தப்பும் பங்கு எதுவோ, குயில் ஏறிய கூட்டின் விளைச்சல் அதைவிட மிகுதியானால் குயிலால் காக்கையை எந்நாளும் கட்டுப்படுத்த இயலாது. உங்கள் எண்களில் இரண்டும் 0.5 என்பதால் அங்கே எல்லை விழுந்தது. நீங்கள் கண்டது சரி.

பாய்சான் பரவலைப் பற்றி ஒரு சொல். குயில்கள் தற்போக்கில் முட்டையிடுவதில்லை. பார்வைக்கு எளிதில் படும் கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குயில்கள் முட்டையிடுவதும், மறைவான கூடு முழுவதும் தப்பிவிடுவதும் உண்டு. ஒரு கூட்டுக்குச் சராசரி ஒரு குயில் முட்டை என்று கொள்ளுங்கள். பாய்சான் பரவலில் 37 விழுக்காடு கூடுகள் தப்பும். அதே சராசரியோடு, முட்டைகள் சில கூடுகளிலேயே குவிவதைக் காட்டும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலை, குவிதல் அளபுரு 0.5 என்று வைத்துப் போட்டால் 58 விழுக்காடு தப்பும். முட்டைகளின் எண்ணிக்கை ஒன்றே; ஆனால் நண்பர் சொன்ன 50 விழுக்காடு எல்லைக்கு ஒன்று அப்பாலும் ஒன்று இப்பாலும் விழுகிறது. தவிரவும், ஒரே கூட்டில் குவிந்த குயில் முட்டைகள் எல்லாம் குயில்களாவதில்லை. காக்கை ஊட்டி வளர்க்கக்கூடியது ஒன்றிரண்டைத்தான். ஆகவே குவிதல் காக்கைக்கு அடைக்கலம், குயிலுக்கு நட்டம். குயில் பெருகப் பெருக ஒவ்வொரு குயிலின் பயனும் குறைவதை நீங்கள் கணக்கில் கொண்டுவர இது ஒரு நேர்மையான வழி.


கூடுநோக்கி எழுதியது:

இன்னும் இரண்டு சிறு குறிப்புகள். பெங்களூர் மூடிய பெட்டியன்று. உங்கள் தெருக்களில் பிறந்த குயில் உங்கள் தெருக்களிலேயே முட்டையிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியிலிருந்து ஆண்டுதோறும் சில குயில்கள் வந்து சேர்வதாக ஒரு மாறிலியைச் சேருங்கள். நகரின் விளிம்பில் அண்டங்காக்கையின் கூட்டிலும் குயில் முட்டையிடுகிறது. வங்கதேசத்தில் நாகணவாய், கீச்சான் ஆகியவற்றின் கூடுகளிலும் குயில் குஞ்சுகள் வளர்வது பதிவாகியிருக்கிறது. ஓர் ஓம்புயிரி குறைந்தாலும் மற்றொன்றை வைத்துக் குயில் நிற்குமாதலால், அதன் எண்ணிக்கை உங்கள் 14 கூடுகளை மட்டும் பார்த்து ஏறி இறங்காது.

மற்றொன்று, குயில்களை எண்ணுவதைப் பற்றியது. 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நன்றாக வாழும் பறவைகளின் வரிசையில் குயிலையும் வைத்திருந்தது. அந்த அறிக்கை இலட்சக்கணக்கான பட்டியல்களை வைத்து, ஆண்டுகளை ஒப்பிட்டுச் செய்யப்பட்டது. அதற்கு அந்த வலு உண்டு. நாம் ஒரு தெருவில் காதால் கேட்டு எண்ணும்போது அந்த வலு இல்லை. நாம் கேட்கும் கூவல் ஆணுடையது. முட்டையிடும் பெண்ணோ ‘கிக்கிக்கிக்’ என்று அவ்வப்போது கத்திவிட்டு இலைகளுக்குள் மறைந்துவிடும். பருவம் முடிந்தால் ஆணும் அடங்கிவிடும். உங்கள் சமன்பாட்டில் இருப்பது பெண் குயில்களின் எண்ணிக்கை; உங்கள் காதில் விழுவது ஆண் குயில்களின் ஆர்வம்.


அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அப்படியானால் அடுத்த கோடையில் நான் எண்ண வேண்டியவை கூடுகளும் அன்று, குயில்களும் அன்று, கூடில்லாக் காக்கைகள். அவற்றை எப்படி எண்ணுவது? மாலையில் அடையும் மரங்களில் எண்ணலாமா?


ஹெசரகட்டா எழுதியது:

மாலை அடைவில் எண்ணாதீர்கள். பல பகுதிகளின் காக்கைகள் ஒரே இடத்தில் கூடுவதால் அந்த எண்ணிக்கை உங்கள் தெருவினுடையதாக இராது. கால்வளையம் இல்லாமல் கூடில்லாக் காக்கையை நேராக எண்ணுவதும் கடினம். ஆனால் அவை இருக்கின்றனவா என்று மறைமுகமாக அறிய ஒரு வழி உண்டு. கூடுள்ள காக்கை ஒன்று பருவத்தின் நடுவில் இறந்தால், அந்த இடம் எத்தனை நாட்களில் நிரம்புகிறது என்று பாருங்கள். விரைவில் நிரம்பினால் காத்திருப்பவை அருகில் இருக்கின்றன என்று பொருள். பருவம் முடியும்வரை காலியாகவே கிடந்தால், காத்திருப்பு வரிசை தீர்ந்துவிட்டது. எல்லைக்கு அருகில் வந்துவிட்டீர்கள். வேண்டுமென்று எதையும் அகற்ற வேண்டாம். நகரத்து மின்கம்பிகளே அந்தச் சோதனையை நமக்காக நடத்திக்கொண்டிருக்கின்றன.


அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

இதைப் படித்ததும் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். சென்ற ஆண்டு மே 11 அன்று, ஏழாவது மரத்துக் கூட்டின் காக்கைகளில் ஒன்று கீழேயுள்ள மின்மாற்றியில் அடிபட்டு விழுந்ததை எழுதி வைத்திருக்கிறேன். தெருக் காக்கைகள் எல்லாம் கூடி அரைமணி நேரம் கத்தித் தீர்த்தன. மே 15 அன்றைய வரியில், ‘7-ஆம் மரம், அதே கவட்டை, இரண்டு காக்கைகள், பழைய கூட்டுக் கம்பியைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகின்றன’ என்று இருக்கிறது. அவை முற்றிலும் புதிய இணையா, பழையதில் எஞ்சிய ஒன்று புதுத் துணை தேடிக்கொண்டதா என்று என்னால் சொல்ல முடியாது. எதுவாயினும், குறைந்தது ஒரு காக்கையாவது அந்த நான்கு நாட்களுக்கு முன்னர் கூடில்லாமல் இருந்திருக்கிறது.